மின்சாரம் இல்லாத மூன்று நாள்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அது வேடிக்கைச் செய்தியாக ஓடியது, கேலிப்படங்களும் சுற்றின. கேலி செய்ய அதில் ஒன்றுமில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டிக்கு ஆன செலவை மறக்காதவர்கள், மழைக்கு முன்பே செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பட்டதிலிருந்து பாடம் படித்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஊர், படிக்காதவர்களைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. குறை சொல்வதானால் ஒன்றுதான் சொல்லலாம்: படிப்பு வண்டியோடு நின்றுவிட்டது. காரை மேட்டில் ஏற்றிய அதே வீட்டில், மோட்டார் ஓடாவிட்டால் குடிதண்ணீர் எத்தனை நாளுக்குக் காணும், பாட்டியின் இன்சுலின் என்னவாகும், லிஃப்ட் நின்றுபோனால் நாலாவது மாடியிலிருந்து அவரை எப்படி இறக்குவது என்றெல்லாம் யாராவது கணக்குப் போட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

பேரிடருக்கு வீட்டைத் தயார்செய்வது என்றதும் ஒரு நீண்ட பட்டியலை நீட்டுவது வழக்கம். டார்ச், மெழுகுவர்த்தி, கயிறு, விசில், முதலுதவிப் பெட்டி என்று அது போகும். நிலநடுக்கத்துக்கும் புயலுக்கும் தீ விபத்துக்கும் சேர்த்து எழுதிய பட்டியல் என்பதால், எந்த வீட்டுக்கும் அது சரியாகப் பொருந்தாது. படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு அதைவிட எளிய அளவுகோல் ஒன்று போதும் என்பது என் வாதம். தொடர்ந்து மூன்று நாள், அதாவது 72 மணி நேரம், மின்சாரம் இல்லாவிட்டால் இந்த வீடு வெளி உதவி எதுவும் இல்லாமல் தாக்குப்பிடிக்குமா? இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடினாலே, ஆயத்தத்தில் முக்கால் பங்கு முடிந்துவிடும்.

ஏன் மின்சாரம்? கடந்த பத்தாண்டுகளில் நாம் கண்ட பேரிடர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது, அடையாறு கரை புரண்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வந்த வார்தா, வெள்ளத்தைவிடக் காற்றால் அடித்த புயல். சென்னையின் மரங்களை வேரோடு சாய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, தென்னந்தோப்புகளோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களையும் வீழ்த்தியது. டெல்டாவின் உட்கிராமங்கள் பல, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொள்ள, ஹெலிகாப்டரில் உணவு கொண்டுபோக வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஃபெஞ்சல், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. ஒன்று காற்று, ஒன்று ஆறு, ஒன்று மழை. ஆனால், வீட்டுக்குள் நடந்தது ஒன்றுதான். கரண்ட் போனது, அதோடு கட்டப்பட்டிருந்த தண்ணீர், தொலைபேசி, பணம், மருந்து எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கம்பி அறுந்தால்தான் கரண்ட் போகும் என்றும் இல்லை. தெருவில் தண்ணீர் தேங்கினால், உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க மின்வாரியமே இணைப்பைத் துண்டிக்கிறது, துண்டிக்கவும் வேண்டும். ஆகவே மழைக்காலத்தில் மின்தடை, எதிர்பார்த்தே ஆகவேண்டிய ஒன்று.

இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1999 ஒடிசாப் பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013ல் அதே மாநிலத்தை பைலின் தாக்கியபோது ஏறக்குறைய 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இறந்தவர்கள் ஐம்பது பேருக்குள் அடங்கினார்கள். வானிலைக் கணிப்பும் அரசு இயந்திரமும் சேர்ந்து சாதித்தது இது. புயல் வருவது இன்று நாலைந்து நாள் முன்பே தெரிந்துவிடுகிறது. புயல் அடிக்கும் இரவைக் கடப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது. கடினம், அதற்கடுத்த மூன்று நாளில்தான் இருக்கிறது. அந்த மூன்று நாளுக்கான வேலை பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்க வேண்டியது. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

முதலில் தண்ணீர். நகரத்து வீட்டில் தண்ணீர் என்பது மின்சாரத்தின் மறுபெயர். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ முதலில் சம்ப்புக்குள் விழுகிறது. மோட்டார் போட்டால்தான் மாடித் தொட்டிக்கு ஏறும். மோட்டார் நின்ற மறுநாள் மாடித் தொட்டி காலி. தெருவில் வெள்ளம் நின்றால் சம்ப்பில் இருப்பதும் சாக்கடையோடு கலந்துவிடும். அதன் பிறகு வாளி போட்டு இறைத்தாலும் அது வாயில் வைக்கத் தக்கதல்ல. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று தாராளமாக வைத்தால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று. குளியல், கழிப்பறை எல்லாம் சேர்த்துப் பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேச வரையறையான ‘ஸ்பியர்’ சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர். அப்படிப் பார்த்தாலும் 180 லிட்டர்தான். எச்சரிக்கை வந்த அன்றே மூடியுள்ள 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பி வைத்தால் கணக்கு முடிந்தது. டிரம்மில் தண்ணீர் பிடித்தால் டெங்கு கொசு வருமே என்பார்கள். நியாயமான கவலை. கொசு புகாதபடி இறுக மூடி, மழை ஓய்ந்ததும் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அதற்கும் இடமில்லை. சந்தேகமான தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும் என்பதால், அடுப்பு எதில் எரிகிறது என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. கேஸ் அடுப்பைக் கைவிட்டு இன்டக்‌ஷனுக்கு மாறிய வீடுகளில் வெந்நீரும் மின்சாரமும் ஒன்றே. அங்கே ஒரு சின்ன சிலிண்டராவது இருப்பது நல்லது.

அடுக்குமாடிகளில் இந்தச் சங்கிலி இன்னும் நீளம். ஜெனரேட்டர் இருக்கிறதே என்ற நிம்மதியில் வாழ்கிறவர்கள், அது எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். பல கட்டடங்களில் அது தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ, வாகன நிறுத்தத்தின் மூலையில் இருக்கும். மின் பலகையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மோட்டாரும் பக்கத்திலேயே. வெள்ளம் முதலில் போகும் இடமும் அதுதான். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்தது இதே தவறு: கட்டடங்களின் கீழ்த்தளத்தில் வைத்திருந்த அவசரகால ஜெனரேட்டர்கள் சுனாமியில் மூழ்கின, குளிரூட்ட மின்சாரம் இல்லாமல் உலைகள் உருகின. அணுப் பொறியாளர்களுக்கே தப்பியது நமக்குத் தப்பியதில் வியப்பில்லை. ஆனால், திருத்திக்கொள்ளலாம். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் பார்க்கிங் சண்டையில் முடிகிறது. அந்தக் கூட்டத்தில் அரைமணி நேரத்தை ஒதுக்கி ஜெனரேட்டரின் இடம், டீசல் இருப்பு, நடக்க முடியாத முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் பேசினால் எவ்வளவோ மிச்சம்.

அடுத்தது செய்தியும் பணமும். கைபேசிக் கோபுரங்களுக்கும் பேட்டரிதான், சில மணி நேரத்தில் அது தீர்ந்தால் டீசல் கொண்டுபோக வண்டி வர வேண்டும், சாலையில் தண்ணீர். 2015 டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. 1878ல் தொடங்கிய பத்திரிகை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. செய்தி அப்படி அறுந்துபோகும்போது பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ எவ்வளவு பெரிய பொருள் என்பது 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நாள் முழுக்க இருண்டபோது மறுபடி தெரிந்தது. டிரான்சிஸ்டரை மறந்திருந்த நாட்டு மக்கள் கடைகளில் அதைத் தேடி அலைந்தார்கள். அட்டைகள் வேலை செய்யாமல், கையில் ரொக்கம் வைத்திருந்தவர்களால்தான் ரொட்டி வாங்க முடிந்தது. நமக்கு இந்தப் பாடம் முன்னமே கிடைத்திருந்தது. வார்தா வந்தது பணமதிப்பு நீக்கம் அறிவித்து ஐந்தாவது வாரம். தாளும் தட்டுப்பாடு, அட்டை இயந்திரங்களும் படுத்துவிட்டன. இன்று கீரைக்காரரிடமும் ஸ்கேன் செய்துதான் கொடுக்கிறோம். பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயை வீட்டில் தனியாக வைப்பது யாருக்கும் பாரமில்லை. தொலைபேசிக்கும் ஒரு வழி உண்டு. வெள்ளம் சூழ்ந்த ஊருக்குள்ளேயே ஒருவரையொருவர் கூப்பிட்டு ஓய்வதைவிட, வெளியூரில் ஒரு உறவினரை மையமாக வைத்துக்கொண்டு, எல்லாரும் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது மேல். புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு கிராமம் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியிலிருந்து தப்பியது, சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கையை ஊர் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்ததால்தான்.

பட்டியல்களில் ஒரு வரியோடு முடிந்துபோகும் மருந்துதான் நடைமுறையில் எல்லாவற்றையும்விட அவசரமானது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, தைராய்டு என்று ஏதாவது ஒரு மாத்திரை இல்லாத வீடு இன்று அரிது. மாத்திரை தீர்ந்த அன்று வாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, பத்து நாள் இருப்பு இருக்கும்போதே அடுத்ததை வாங்கினால் கூடுதல் செலவு எதுவும் கிடையாது. ஃபிரிட்ஜ் நின்றதும் இன்சுலின் கெட்டுவிட்டது என்று பதறி ஊசியையே நிறுத்துவது பேராபத்து. திறந்த இன்சுலின் பெரும்பாலானவை வெயில் படாத அறை வெப்பத்தில் நாலு வாரம் வரை தாங்கும். எதற்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருப்பவர், படுத்த படுக்கையில் இருப்பவர் ஆகியோருக்கு வீட்டிலேயே மூன்று நாள் என்ற கணக்கு செல்லாது. அவர்களை முன்னதாகவே இடம் மாற்ற வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய பெண்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனையில் சேர்ப்பதைத் தமிழ்நாடு சுகாதாரத் துறை பல முறை செய்திருக்கிறது. அதே முறையைக் குடும்பங்கள் முதியவர்களுக்கும் கைக்கொள்ளலாம். தண்ணீர் வாசற்படிக்கு வந்த பிறகு படகுக்கு ஃபோன் செய்வதைவிட, எச்சரிக்கை வந்த அன்றே மேட்டுப் பகுதியில் உள்ள மகள் வீட்டுக்கோ அண்ணன் வீட்டுக்கோ ஆட்டோவில் போவது எவ்வளவோ சுலபம். மழை பெய்யாமல் போனால் வீண் பயணம் என்ற சலிப்பு வரும். வரட்டும்.

மின்சாரம் இல்லாததைவிட, இருக்கக் கூடாத இடத்தில் அது இருப்பதுதான் உயிரைப் பறிக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரத்தில் ஷாக் அடித்து இறந்தவர்களின் செய்தி வருகிறது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் கம்பிகளில் மின்சாரம் ஓடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதையும் நிறுத்தியாக வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியைப் பொருத்த எலக்ட்ரீஷியனுக்கு ஆகும் செலவு ஒரு தீபாவளிப் பட்டாசுச் செலவுக்குள் அடங்கும். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரைக் கதவடைத்த வராந்தாவில் ஓடவிடுவது இன்னொரு கொலைகாரப் பழக்கம். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இதெல்லாம் அரசின் வேலை, குடிமக்கள் தலையில் கட்டுவது பொறுப்பைக் கைகழுவுவதாகும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதற்கும், ஏரிகளின் உபரிநீர்க் கால்வாய்கள் வீட்டுமனைகளானதற்கும் வீட்டில் வாளி நிரப்பி வைப்பது பரிகாரம் ஆகாது. அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால், எவ்வளவு திறமையான அரசானாலும், முதல் நாளில் எல்லா வீட்டுக்கும் வந்து சேர முடியாது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் சிதைத்தபோது, இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அதுவும் பேரிடர் நிர்வாகத்துக்குப் பேர்போன நாட்டில். அரசிடம் இருக்கும் படகுகள் குறைவு. மூன்று நாள் தாக்குப்பிடிக்கக்கூடிய வீட்டார் பால் பாக்கெட்டுக்காகப் படகை அழைக்காவிட்டால், அந்தப் படகு குடிசைப் பகுதியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பவரிடம் போகும். ஆகவே, வசதியுள்ளவர் ஆயத்தமாக இருப்பது வசதியில்லாதவருக்குச் செய்யும் கடமையும்கூட. உதவி எண்களான 112, 1070, 1077 ஆகியவற்றை நெரிசலில்லாமல் விட்டுவைப்பதும் அதில் சேர்த்தி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஏழ்மை பற்றியது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிற குடும்பத்திடம் மூன்று நாள் இருப்பு வைக்கச் சொல்வது கொடுமை. ஒரே அறை வீட்டில் 200 லிட்டர் டிரம்முக்கு இடம் ஏது? இதற்கு அறிவுரை பதிலாகாது, திட்டம் வேண்டும். தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளும், தெருவுக்குத் தெரு ரேஷன் கடைகளும் இருக்கின்றன. 2023 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணத்தை அந்தக் கடைகள் வழியாகத்தான் அரசு கொடுத்தது. வெள்ளத்துக்குப் பின் பணம் கொண்டுசேர்க்க முடிந்த அதே கடை, வெள்ளத்துக்கு முன் பொருளைக் கொண்டுசேர்க்க முடியாதா? வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், தாழ்வான பகுதிகளுக்கும் கடலோரத்துக்கும் ஒரு மாத அரிசி, பருப்பை முன்கூட்டியே கொடுத்து, கூடவே குளோரின் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மடித்து வைக்கக்கூடிய தண்ணீர்ப் பை ஆகியவற்றையும் சேர்க்கலாம். நிவாரணத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையாகவே இருக்கும்.

பொருளைச் சேர்த்து வைக்கச் சொன்னால் பதுக்கலும் பீதியும் பெருகும் என்ற பயமும் அர்த்தமற்றதல்ல. மிக்ஜாம் நாள்களில் ஆவின் பால் வராமல், கிடைத்த பாக்கெட்டுகளைச் சிலர் இரட்டிப்புக்கும் மேல் விலை வைத்து விற்றார்கள். ஆனால், அந்த நெரிசல் வருவது யாரிடமும் எதுவும் இல்லாததால்தான். ஜப்பானில் அரசே மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்றுண்டு: வழக்கமாகச் சாப்பிடும் பொருளையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துச் சாப்பிட்டு, எடுத்த அளவுக்கு மறுபடி வாங்கி நிரப்புவது. மாதச் சாமான் வாங்கும் பழக்கமுள்ள நமக்கு இது புதிதல்ல. அவல், பொரி, கடலை, சத்துமாவு, பால் பவுடர் என்று அடுப்பே இல்லாமல் சாப்பிடக்கூடியவை நம் சமையலறையில் ஏற்கெனவே உண்டு. ஒரு பாக்கெட் கூடுதலாக இருந்தால் போதும். பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் டெலிவரி பழகிப்போய், மாதச் சாமான் என்ற வழக்கமே நகரத்தில் தேய்ந்துவருவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எப்போதோ ஒரு முறை வருவதற்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள், 2015, 2016, 2017, 2018, 2020, 2021, 2023, 2024 என்று வார்தா, ஒக்கி, கஜா, நிவர் உள்ளிட்ட புயல், வெள்ளங்களின் ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, நனைந்து கூழான பட்டா, ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டிவந்தது. தண்ணீர் புகாத உறையில் போட்டு, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆகும்.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டின் மெயின் ஸ்விட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு இரவு வரை இருந்து பாருங்கள். மின்சாரத்தை நம்பி மருத்துவக் கருவி ஓடும் வீடுகள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அன்று எது முதலில் நின்றுபோகிறதோ, உங்கள் வீட்டு ஆயத்தத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.